தானே நிறைவேறும் ஒப்பந்தமும் நாட்டின் சட்டமும்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கேட்பதற்குப் புதியது. ஆனால் அதனுள்ளே கிடக்கும் கேள்வி மிகவும் பழையது. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர் யார், எதுவரை கட்டுப்பட்டவர், எழுத்துக்கும் கருத்துக்கும் முரண்பாடு தோன்றினால் எதன் பக்கம் நிற்பது என்பதே அந்தக் கேள்வி.

திருவெண்ணெய்நல்லூர் அவையிலே நடந்த வழக்கை இங்கு அறியாதார் இலர். மணப்பந்தரிலே முதியவர் ஒருவர் ஓலையொன்றைக் காட்டி, நம்பியாரூரர் தமக்கு வழிவழி அடிமை என்கிறார். ஆரூரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். ஆனால் கிழிந்தது படியோலை, மூலவோலை வேறிருந்தது. அவையத்தார் அதனை வாங்கிப் படித்து, பாட்டனாரின் எழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புச் சொன்னார்கள். அடியார்கள் இதிலே இறைவனின் திருவருளைக் காண்பார்கள். சட்டம் பயிலும் மாணவராகிய நாம் அதனோடு இன்னொன்றையும் காண்கின்றோம். ஓலை தானாகப் பேசவில்லை. அதனைப் படித்து, எழுதியவர் இன்னார் என்று தெளிந்து, அது கட்டுப்படுத்துமோ என்று ஆராய ஓர் அவை வேண்டியிருந்தது. அவையே வேண்டாத ஓலை ஒன்றைச் செய்துவிட்டோம் என்று இக்காலத்திலே சிலர் சொல்கின்றார்கள். அது மெய்தானா என்று ஆராய்வதே நமது நோக்கம்.

அந்தப் புதிய ஓலைக்கு ஆங்கிலத்திலே இட்ட பெயர் ஸ்மார்ட் கொன்ராக்ட். நாம் அதனைத் தானியங்கு ஒப்பந்தம் என்போம். அது எழுதப்படும் ஏட்டின் பெயர் புளொக்செயின். ஒரே கணக்கேட்டின் பிரதியை உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் வைத்திருந்து, புதிய பதிவு ஒவ்வொன்றையும் தம்முள் ஒத்துப்பார்த்து, முந்திய பதிவோடு சங்கிலிபோலக் கோத்துச் செல்லும் முறையே அது. ஒரு கணினியில் உள்ள ஏட்டை அழிப்பது படியோலையைக் கிழிப்பது போன்றதே. மற்ற ஏடுகள் எல்லாம் அப்படியே இருக்கும். 2009 ஆம் ஆண்டிலே பிட்கொயின் என்னும் நாணயத்தோடு இம்முறை வழக்கிற்கு வந்தது. 2015 யூலையிலே தொடங்கிய எதேரியம் என்னும் ஏடு ஒரு படி மேலே சென்றது. அது கணக்கை மட்டுமன்றிக் கட்டளைகளையும் தாங்கியது. “இன்னது நடந்தால் இன்னாருக்கு இவ்வளவு கொடு” என்று நிரலாக எழுதி அந்த ஏட்டிலே பதித்துவிட்டால், குறித்த நிலைமை வந்ததும் நிரல் தானாகவே பணத்தைக் கைமாற்றிவிடும். எழுதியவர் மனம் மாறினாலும், தடுப்பதற்கு முன்னேற்பாடு செய்திருந்தாலன்றி, அது நிற்காது.

இந்தப் பெயரை 1990களில் வழங்கிய நிக் சாபோ என்னும் அமெரிக்க அறிஞர், காசு போட்டால் பண்டம் தரும் யந்திரத்தையே இதற்கு மூதாதையாகக் காட்டினார். காசு விழுந்தது, பண்டம் வந்தது. இடையிலே கடைக்காரர் இல்லை.

இதன் நன்மையை நாம் குறைத்துப் பேச வரவில்லை. நமது நாட்டிலேயே 2019 ஆம் ஆண்டில் ஒக்ஸ்பாம், ஏயோன், எதரிஸ்க் ஆகிய நிறுவனங்கள் சணச காப்புறுதிக் கொம்பனியோடு சேர்ந்து நெற்செய்கையாளருக்கென இத்தகைய காப்புறுதித் திட்டமொன்றைத் தொடங்கின. முதலிலே சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 200 விவசாயிகள். இவ்வகைக் காப்புறுதியிலே பயிர் அழிந்தது என்று கமக்காரர் மனு எழுதி, அதிகாரி வந்து வயலைப் பார்த்து, மாதக் கணக்கிலே காத்திருக்க வேண்டியதில்லை. வானிலைக் கணக்கு குறித்த எல்லையைக் கடந்தால், அதுவே பணம் கொடுப்பதற்குப் போதிய காரணமாகிவிடும். கந்தோர் வாசலிலே கால்கடுக்க நின்ற நம் தந்தையரை நினைப்பவர்கள் இதனை எள்ளி நகையாட மாட்டார்கள்.

ஆயினும் அவ்விடத்திலேயே ஒரு கேள்வி எழுகின்றது. மழைமானி இருக்குமிடத்திலே மழை பெய்து, கமக்காரரின் வயலிலே பெய்யாமற் போனால் என்ன செய்வது? நிரலுக்கு வயல் தெரியாது. அதற்குக் கொடுக்கப்பட்ட எண் மட்டுமே தெரியும். அந்த எண் பிழைத்தால் நட்டம் யாருக்கு? இதனை நிரல் சொல்லாது. சட்டந்தான் சொல்லவேண்டும்.

எங்களுடன் விடுதியிலே தங்கியிருக்கும் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகின்றோம். வெளிநாட்டிலிருந்து தமையனார் அனுப்பிய பணத்திலே ஒரு பகுதியை அவர் டிஜிட்டல் நாணயமாக மாற்றிக் கைத்தொலைபேசியிலே வைத்திருந்தார். சிறு தொகையொன்றை முதலிட்டால் வட்டி தருவதாகக் கூறிய தானியங்கு ஒப்பந்தம் ஒன்றிலே, ‘அனுமதி’ என்ற பொத்தானை அழுத்தினார். அச்சிறு தொகைக்கு அனுமதி கொடுத்ததாகவே அவர் எண்ணினார். நிரலிலே எழுதியிருந்ததோ, அவரது கணக்கிலுள்ள அந்த நாணயம் முழுவதையும் எடுக்கும் அனுமதி. மறுநாட் காலையில் கணக்கிலே ஒன்றுமில்லை. நாம் அவரை அழைத்துக்கொண்டு சட்டத்தரணி ஒருவரிடம் சென்றோம். அவர் பொறுமையோடு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தம்பிமாரே, கோரிக்கைக் கடிதம் எழுதலாம். யாருடைய பெயருக்கு, எந்த விலாசத்துக்கு எழுதுவது?” என்று கேட்டார். எம்மிடம் மறுமொழி இல்லை. அந்தக் கேள்வியே இந்தப் பேச்சுக்கு வித்து.

நிரலே சட்டம் என்பது இத்துறையிலே பலர் ஓதும் மந்திரம். அந்த மந்திரத்துக்கு 2016 ஆம் ஆண்டிலே ஒரு சோதனை வந்தது. எதேரியத்தின் மேலே ‘த டிஏஓ’ என்ற பெயரில், தலைவரும் பணிப்பாளரும் இல்லாத முதலீட்டுக் கழகம் ஒன்றை நிரலாக எழுதினார்கள். ஏறக்குறைய 15 கோடி டொலர் பெறுமதியான ஈதர் நாணயம் வந்து குவிந்தது. அந்த ஆண்டு யூன் 17 ஆந் தேதி, ஒருவர் நிரலிலுள்ள ஓட்டையொன்றைக் கண்டுபிடித்தார். வங்கியிலே காசாளர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் புத்தகத்திலே பதிகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிவதற்கு முன்னரே மீண்டும் மீண்டும் கைநீட்டினால் எப்படியோ அப்படி, சுமார் 36 இலட்சம் ஈதர் வெளியேறியது. நிரல் தந்தது, எடுத்தேன். இதிலே களவு எங்கே என்ற வாதமும் அவர் சார்பிலே பகிரங்கக் கடிதமாக உலாவியது.

நிரலே சட்டமென்றால் அந்த வாதத்திற்கு மறுப்பில்லை. ஆனால் நடந்தது என்ன? யூலை 20 ஆந் தேதி எதேரியத்தைப் பயன்படுத்துவோரிற் பெரும்பான்மையோர் கூடி, ஏட்டையே மாற்றி, போன பணத்தை மீட்டார்கள். உடன்படாதவர்கள் பழைய ஏட்டோடு பிரிந்து எதேரியம் கிளாசிக் என்ற பெயரிலே நடந்தார்கள். ஆகவே, அவை வேண்டாம் என்று சொன்னவர்களே நெருக்கடி வந்தபோது தாமே அவையாகக் கூடினார்கள். ஆனால் அந்த அவையிலே எதிராளியைக் கேட்கும் விதியில்லை, மேன்முறையீடு இல்லை. நீதிமன்றத்தை விலக்கினால் அவ்விடத்துக்கு நீதிமன்றத்திலும் குறைபாடுள்ள ஒன்று வந்து அமரும் என்பதே நாம் இதிலே கற்ற பாடம்.

இனி, நாடுகளின் சட்டம் இதனை எவ்வாறு நோக்குகின்றது என்று பார்ப்போம்.

யந்திரத்தோடு ஒப்பந்தம் செய்தலாகுமோ என்ற வினாவை இங்கிலாந்து நீதிமன்றம் 1970 ஆம் ஆண்டிலேயே கண்டது. மோட்டார் நிறுத்துமிடமொன்றின் வாசலிலே யந்திரம் ஒரு சீட்டை நீட்டியது. உள்ளே காயமடைந்தவர் வழக்கிட, சீட்டிலே குறித்த நிபந்தனைகளின்படி தமக்குப் பொறுப்பில்லை என்றனர் உரிமையாளர். யந்திரத்தோடு வாதாட முடியாது. அதனைச் சாலையோரத்திலே நிறுத்தி வைத்தவரே முன்மொழிபவர். வாகனத்தைச் செலுத்திச் சீட்டைப் பெற்றவுடன் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அதன்பின் கைக்கு வந்த நிபந்தனை காலங்கடந்தது என்று டெனிங் பிரபு விளக்கினார். யந்திரத்தின் சொல் அதனை நிறுவியவரின் சொல்லேயாகும் என்ற இந்தத் தெளிவு இன்றும் பயன்படுகின்றது. 2019 நவம்பரிலே அந்நாட்டு அறிஞர் குழுவொன்றும், 2021 நவம்பரிலே இங்கிலாந்து, வேல்ஸ் சட்ட ஆணைக்குழுவும், தானியங்கு ஒப்பந்தத்திற்கு இருக்கின்ற ஒப்பந்தச் சட்டமே போதும் என்ற முடிவைத் தெரிவித்தன. அந்நிய மொழியில் எழுதிய ஒப்பந்தத்தை எவ்வாறு பொருள்கொள்வார்களோ, அவ்வாறே நிரலையும் அறிந்தோரைக் கொண்டு பொருள்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம்.

ஐரோப்பாக் கண்டத்திலே சில நாடுகள் தனி விதி இயற்றின. 2019 பெப்ரவரியில் இத்தாலி இயற்றிய 12 ஆம் இலக்கச் சட்டம், இத்தகைய நிரலுக்கு வரைவிலக்கணம் கூறியதோடு, தரப்பினர் இன்னார் என்று மின்னணு முறையிலே அடையாளங் காணப்பட்டிருந்தால் அது எழுத்திலான ஒப்பந்தத்திற்குச் சமமாகும் என்றது. அதே ஆண்டில் ரஷ்யா தனது குடியியற் சட்டக்கோவையின் 309 ஆம் உறுப்பைத் திருத்தி, தரப்பினர் வேறாகச் சம்மதந் தெரிவிக்காமலே தகவற்றொழில்நுட்பத்தின் வழியாகக் கடப்பாடு நிறைவேறலாம் என்று ஒப்பந்தத்தில் வகுத்துக்கொள்ள இடமளித்தது. ரஷ்யர் இதனை ஒப்பந்தத்திலே ஒரு புதுச்சாதியாகக் கொள்ளவில்லை; நிறைவேற்றும் வழிகளுள் ஒன்றாகவே கொண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பெலாரஸ் நாட்டின் 2017 ஆம் ஆண்டு 8 ஆம் இலக்க ஆணையோ, தானியங்கு ஒப்பந்தத்தின்வழி கொடுக்கல் வாங்கல் செய்தவர், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், நிரலிலே எழுதியவை உட்பட அதன் நிபந்தனைகளை எல்லாம் அறிந்தவராகவே கருதப்படுவார் என்றது.

தோழர்களே, இம்மூன்றையும் எமது நண்பரின் பக்கத்திலே நின்று பாருங்கள். பெலாரஸ் விதி அவரை நோக்கி, “படித்திருக்க வேண்டியவர் நீரே” என்று சொல்லும். ரஷ்ய விதி, பணம் போன விதத்திலே வழுவில்லை என்று சொல்லும். இத்தாலிய விதியோ, “எதிர்த்தரப்பார் யார்?” என்று முதலிலே கேட்கும். சட்டத்தரணி கேட்டதும் அதுவே. பெயரில்லாத ஒருவருக்கு எழுத்தாவணத்தின் மதிப்பைக் கொடுக்கமாட்டேன் என்ற அந்த விதியிலே ஆழ்ந்த அனுபவம் இருக்கின்றது என்று கருதுகின்றோம்.

இத்தகைய சிக்கல் நீதிமன்றத்திலே விரிவாக ஆராயப்பட்ட இடம் சிங்கப்பூர். குவாயின் கொம்பனிக்கும் பீ2சீ2 கொம்பனிக்கும் நடந்த வழக்கு அது. அங்கே வாணிகம் நடந்தது ஒரு கொம்பனியின் தளத்திலேயன்றிப் புளொக்செயின் ஏட்டிலே அன்று. ஆயினும் இரு பக்கத்திலும் மனிதர் தலையிடாமல் நிரல்களே விலைபேசி முடித்தமையால், தானியங்கு ஒப்பந்தம் பற்றிப் பேசுவோர் அனைவரும் இவ்வழக்கை எடுத்துக் காட்டுகின்றார்கள்.

குவாயின் நடத்திய நாணயச் சந்தையிலே 2017 ஏப்ரல் 19 ஆந் தேதி ஒரு கோளாறு நேர்ந்தது. நுழைவுச் சொற்களை மாற்றியவர்கள் அதற்கேற்ற மாற்றத்தை நிரலொன்றிலே செய்யாமையால், வெளிச்சந்தை விலைகளை அந்நிரலாற் பெற முடியவில்லை. சந்தையிலே விலைகூறுவார் அருகினர். கடன்பெற்று வாணிகஞ் செய்த சிலருடைய ஈடு போதாதென்று கணித்த தளம், கிடைத்த விலைக்கு ஈதரை வாங்கிக் கணக்கை மூட முற்பட்டது. கிடைத்தது பீ2சீ2 நிரல் கூறிய விலை. சந்தையிலே விலைகளே இல்லாமற்போகும் நிலைக்கென முன்னரே எழுதி வைத்த விலை அது: ஓர் ஈதருக்கு 10 பிட்கொயின். உண்மையான சந்தை விலை ஏறக்குறைய 0.04 பிட்கொயின். அதாவது 250 மடங்கு! இவ்விதமாக 309 ஈதருக்கு 3,092 பிட்கொயின் கைமாறியது. மறுநாள் இதனைக் கண்ட குவாயின் கொம்பனி, தானாகவே எல்லாவற்றையும் முன்போல் மாற்றிவிட்டது. முடிந்த வாணிகம் மீளாது என்று உமது நிபந்தனையே சொல்கிறதே என்று பீ2சீ2 வழக்கிட்டது.

பிழையான எண்ணத்தின் பேரில் நடந்த வாணிகம், ஆதலாற் செல்லாது என்பது குவாயினின் வாதம். மறு பக்கத்தார் அப்பிழையை அறிந்தே உடன்பட்டார் என்று காட்டினால் அந்த வாதம் வெல்லலாம். ஆனால் உடன்பட்டது நிரல். நிரலுக்கு அறிவுண்டோ? 2020 பெப்ரவரி 24 ஆந் தேதி தீர்ப்பளித்த மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மையினர் நால்வர், நிரல் தனக்கென மனமில்லாத கருவி. ஆகவே அதனை எழுதியவரின் மனத்தையே நோக்க வேண்டும். எழுதிய காலந்தொட்டு ஒப்பந்தம் முடிந்த நேரம் வரையில் அவர் எதனை அறிந்திருந்தார் என்பதே கேள்வி என்றனர். அவர் பிறருடைய பிழையைப் பயன்படுத்தும் எண்ணத்தோடு எழுதவில்லை. ஆகவே ஒப்பந்தம் செல்லும், அதனை மாற்றியது குவாயினின் ஒப்பந்த மீறல் என்று முடித்தனர். ஐந்தாமவராகிய மான்ஸ் பிரபு உடன்படவில்லை. நியாயமான வணிகர் ஒருவர் அன்று அந்த விலையை நேரிலே கண்டிருந்தால், ஏதோ பெரும் பிழை நேர்ந்துவிட்டது என்று உடனே அறிந்திருப்பாரே. கணினி நடுவிலே இருந்தது என்பதற்காக அந்த நியாயம் மாறலாமோ என்பது அவர் கருத்து.

எந்தப் பக்கம் சரியென்று எம்மைக் கேட்டால், தயக்கத்தோடு மான்ஸ் பிரபுவின் பக்கமே சாய்வோம். வாணிகத்திற்கு உறுதிப்பாடு வேண்டும் என்பது மெய். ஆனால் 250 மடங்கு விலையை மனிதர் எவரும் மனமொப்பிக் கொடுக்கவில்லை. யந்திரத்தை நடுவிலே நிறுத்திவிட்டால், கண்ணெதிரே கண்ட பிழையைக் காணாதவர்போல இருக்க உரிமை கிடைக்கும் என்று ஒரு சட்டம் சொல்லுமானால், எல்லோரும் யந்திரத்தின் பின்னே ஒளிந்துகொள்வர். ஆயினும் ஒன்றிலே ஐவரும் ஒன்றுபட்டனர். நிரல் செய்தது சரியோ பிழையோ என்று கேட்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு உண்டா என்பதில் அவர்களுக்குள்ளே ஐயமில்லை.

நிற்க, நமது நாட்டுச் சட்டம் என்ன சொல்லும்? இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றாத நாடுகளிலே பொதுச்சட்டமே வழிகாட்டும். நமது ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். ஆங்கிலச் சட்டம் கேட்பதுபோல அது கைம்மாறு கேட்பதில்லை. மனம் பொருந்தி, நியாயமான நோக்கத்தோடு செய்த உடன்பாட்டை மதிக்கும். 2006 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கற் சட்டம், மின்னணு வடிவில் இருப்பதொன்றையே காரணமாகக் கொண்டு ஒப்பந்தத்தைத் தள்ளுதலாகாது என்று வழிசெய்தது. 2015 ஆம் ஆண்டிலே இலங்கை உறுதிப்படுத்திய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 12 ஆம் உறுப்பு, தானியங்கு முறைகள் தம்முள் முடித்த ஒப்பந்தம், மனிதர் ஒவ்வொரு படியையும் பார்வையிடவில்லை என்பதனால் மட்டும் செல்லாததாகாது என்கிறது. அதன் 14 ஆம் உறுப்போ, யந்திரத்தோடு பேசிய மனிதர் உள்ளீட்டிலே தவறிழைத்து, திருத்திக்கொள்ள யந்திரம் வாய்ப்புக் கொடுக்காவிடின், உரிய நிபந்தனைகளுக்கு அமைய அப்பகுதியை மீளப்பெற இடமளிக்கின்றது. பிழைவிடும் விரலையும் சட்டம் நினைத்துப் பார்த்திருக்கின்றது!

ஆனால் எல்லைகளும் உள. காணி உறுதியை எடுத்துக்கொள்வோம். 1840 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை பிரசித்த நொத்தாரிசின் முன்னிலையிலே, இரு சாட்சிகளோடு கைச்சாத்திடப்படவேண்டும். 2006 ஆம் ஆண்டுச் சட்டமும் காணி விற்பனையைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. ஆகவே, எத்தனை ஆயிரம் கணினிகள் சாட்சி சொன்னாலும், நிரலொன்றினால் மட்டும் ஒரு பரப்புக் காணியேனும் கைமாறாது. மேலும், 18 வயது நிரம்பாதவர் பெற்றோர் துணையின்றிச் செய்த ஒப்பந்தம் அவரைப் பொதுவாகக் கட்டுப்படுத்தாது. நிரலோ வயதைக் கேட்பதில்லை. திறவுச்சொல்லை மட்டுமே கேட்கின்றது. இன்னும், உண்மைப் பெறுமதியின் பாதிக்கும் குறைந்த விலைக்கு விற்றவர் அவ்விற்பனையை நீக்கும்படி கேட்கலாம் என்ற பழைய ரோமன் டச்சுக் கோட்பாட்டை நமது நீதிமன்றங்கள் காணி வழக்குகளிலே ஏற்றுள்ளன. பாதிக்கே பொறுக்காத அந்தப் பழஞ்சட்டம் 250 மடங்கைக் கண்டு என்ன சொல்லியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கின்றோம்.

ஆதலால், சட்டம் இல்லாமையினால் எமது நண்பர் தோற்கவில்லை. பிழை, வஞ்சனை, மனம் பொருந்தாமை ஆகிய நியாயங்கள் எல்லாம் அவருக்கு இருந்தன. அவர் தோற்றது எதிராளி அகப்படாமையினாலே. நிரல் எல்லோர் கண்ணிலும் பட இருக்கின்றது; அதனை எழுதியவர் எவர் கண்ணிலும் படவில்லை. நீதிமன்றம் நிரலுக்கு அழைப்பாணை அனுப்ப முடியாது, மனிதருக்குத்தான் அனுப்பலாம். எதிர்காலத்திலே நமது சட்டசபை இத்துறையிலே விதிசெய்ய எண்ணுமானால், ஒப்பந்தம் செல்லுமோ செல்லாதோ என்பதிலே அதிக காலத்தைச் செலவிட வேண்டியதில்லை என்று பணிவோடு கூறுவோம். பொதுமக்களின் பணத்தைத் தொடும் நிரலுக்கு, பெயரும் விலாசமும் உள்ள பொறுப்பாளி ஒருவர் வேண்டும். பிழை கண்டால் நிறுத்திவைக்கும் வழி வேண்டும். நிரல் செய்வதைச் சாதாரண மொழியிலே, தமிழிலும் சிங்களத்திலும், கூறும் கடமை வேண்டும். இம்மூன்றும் இருந்தால் மிகுதியைப் பழஞ்சட்டமே பார்த்துக்கொள்ளும்.

அதுவரையில் நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நம்முடைய பாட்டன்மார் எழுத வாசிக்கத் தெரியாதபோதும், உறுதியிலே பெருவிரல் அடையாளம் இடுமுன் நொத்தாரிசைக் கொண்டு முழுவதையும் வாசிப்பித்துக் கேட்டார்கள். பட்டம் பெறப் படிக்கும் நாமோ வாசியாமலே விரலை வைக்கின்றோம். அவர்களுடைய விரலிலே மை இருந்தது. அவர்களுடைய அவதானமும் இருந்தது.

அந்த நண்பர் இன்று இக்கூட்டத்திலே பின்வரிசையில் இருக்கின்றார். தமது பெயரைச் சொல்லாமல் தமது கதையைச் சொல்லும்படி அவரே கேட்டுக்கொண்டார். தமையனாருக்கு அவர் இன்னும் விஷயத்தை எழுதவில்லை. அவருக்கு எம்மாற் பணத்தை மீட்டுக் கொடுக்க முடியவில்லை. உங்களுள் ஒருவராவது அடுத்தமுறை அந்தப் பொத்தானை அழுத்துமுன், “எதிர்த்தரப்பார் யார், எங்கே இருக்கின்றார்?” என்று கேட்பீர்களாயின், அவர் இழந்தது முற்றிலும் வீண்போகவில்லை என்று நாம் ஆறுதல் கொள்வோம்.